மலைக்குப் போகிற ஜீப்

போடியில் விடிகாலை நாலரை மணிக்கு ஜீப்புக்காக நிற்கிற எந்த அக்காவிடமும் "எங்கக்கா கிளம்பிட்டீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "மலைக்கு" என்பார். "கேரளாவுக்கு" என்று யாரும் சொல்வதில்லை. கையில் தூக்குச்சட்டி. பையில் காய் எடுக்கும்போது மேலே மாட்டிக்கொள்ளப் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை, மழை வந்தால் போர்த்த ஒரு பாலித்தீன் தாள், அட்டைக்கடிக்குப் பொட்டலத்தில் கொஞ்சம் புகையிலைத்தூள். முந்தலைத் தாண்டிப் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. அங்கே மாநிலம் மாறுகிறது. கண்ணயர்ந்திருப்பவர்களுக்கு அது தெரியவும் தெரியாது. பூப்பாறை, சாந்தம்பாறை, உடும்பன்சோலை என்று ஆளாளுக்கு அவரவர் தோட்டத்தில் இறங்கிக்கொள்வார்கள். பொழுது சாய அதே ஜீப்பில் வீடு.

தேவாரத்திலும் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் இதே காட்சிதான். அங்கிருந்து போகும் வண்டிகள் கம்பம்மெட்டு, குமுளி வழியாக வண்டன்மேட்டுக்கும் நெடுங்கண்டத்துக்கும் ஏறும். இடுக்கியின் ஏலக்காய், தேனியின் கை. தோட்ட முதலாளிகளிலும் பாதிப்பேர் வீடு போடியில், தோட்டம் மேலே என்று இருப்பவர்கள்தான். இரண்டு மாநிலத்துக்கும் நடுவே இருப்பது எல்லை என்று வரைபடம் சொல்லும். இங்கே உள்ளவர்களுக்கு அது ஒரு ஏற்றம், அவ்வளவுதான்.

2020 மார்ச்சில் அந்த ஏற்றம் எல்லையாகிவிட்டது. கொரோனா இந்த வட்டாரத்தில் எப்படிப் பரவியது, அரசுகள் என்ன செய்தன என்ற கதையை மாவட்ட வாரியான புள்ளிவிவரத்தை வைத்து எழுதிவிடலாம். பலர் எழுதியும்விட்டார்கள். ஆனால் அந்தக் கணக்கில் வராத ஒன்று உண்டு. அது இந்த ஜீப்.

முதலில் அரசைப் பாராட்டியாக வேண்டிய ஒரு விஷயம். 2020 மார்ச் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் கொரோனா பரிசோதனை செய்ய இருந்த இடம் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் ஒன்றுதான். இரண்டாவது ஆய்வகம் எங்கே வந்தது தெரியுமா? மதுரையில் அல்ல, கோவையில் அல்ல. ஆண்டிபட்டி போகிற வழியில், கானாவிலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில். வைரஸ் ஆய்வகம் அங்கே ஏற்கெனவே இருந்ததால் கிடைத்த கொடுப்பினை அது. தென்மாவட்டங்களின் மாதிரிகள் தேனிக்கு வந்தன. கேரளாவின் வாசலில் இருக்கும் ஒரு மாவட்டத்துக்கு, அதுவும் நாட்டின் முதல் தொற்று ஜனவரி 30-ம் தேதி திருச்சூரில் உறுதியான பிறகு, வேறென்ன வேண்டும்?

ஆய்வகம் தயாராக இருந்தது. நோய் எந்த வழியாக வரும் என்ற யூகம்தான் தப்பாக இருந்தது. எல்லோரும் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்ததில் நியாயமும் இருந்தது. மார்ச் மத்தியில் மூணாறில் தங்கியிருந்த பிரிட்டன் சுற்றுலாப் பயணி ஒருவருக்குத் தொற்று உறுதியானது. முடிவு வருவதற்குள் அவர் குழுவோடு கிளம்பி நெடும்பாசேரி விமான நிலையம் போய், விமானத்திலும் ஏறிவிட்டார். கடைசி நேரத்தில் இறக்கினார்கள். இந்தச் செய்தி போடிக்கு வந்தபோது டீக்கடைகளில் பேச்சு மாறியது. மூணாறு என்பது போடிக்காரர்களுக்குத் தொலைக்காட்சியில் பார்க்கிற ஊர் இல்லை. வண்டி எடுத்தால் இரண்டு, இரண்டரை மணி நேரம்.

மார்ச் 21-லிருந்து அண்டை மாநில எல்லைகளை மூடுவதாகத் தமிழ்நாடு அறிவித்தது. 24-ம் தேதி மாலை ஆறு மணிக்கு மாநிலம் முழுக்க 144. அன்று இரவே பிரதமரின் நாடு தழுவிய ஊரடங்கு அறிவிப்பு. இந்தத் தேதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. அதே 24-ம் தேதி போடி மலையடிவாரத்தில் நடந்தது எத்தனை பேருக்கு நினைவிருக்கும் என்று தெரியவில்லை.

மேலே தோட்டத்தில் தங்கி வேலை செய்துகொண்டிருந்த ராசிங்கபுரத்துக் குடும்பங்கள் சில ஊர் திரும்பக் கிளம்பின. பஸ் இல்லை, ஜீப் இல்லை. காட்டுப்பாதையில் இறங்கினார்கள். மலைக்கு ரோடு வருவதற்கு முந்திய காலத்தில் ஏலக்காய் மூட்டையைத் தலையில் சுமந்து இறங்கிய தடங்கள் இன்னும் அங்கே உண்டு; பெரியவர்களுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் வழி தெரியும். ஆனால் அது மார்ச் மாதம். போதைப்புல் காய்ந்து பழுத்து நிற்கிற காலம். நடுவழியில் காட்டுத்தீ அவர்களை வளைத்துக்கொண்டது. இறந்தவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்பு இதே மார்ச்சில், இதே போடி மலையில், குரங்கணித் தீயில் மலையேற்றம் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கருகியபோது நாடே திரும்பிப் பார்த்தது. இந்தக் கூலிக்காரக் குடும்பங்களின் சாவு ஊரடங்குச் செய்திகளுக்கு அடியில் புதைந்துபோனது. அவர்கள் கொரோனாக் கணக்கில் வரமாட்டார்கள். காட்டுத்தீக் கணக்கில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் கொரோனாவுக்கு முதல் உயிர் மார்ச் 25 அதிகாலை மதுரை ராஜாஜி மருத்துவமனையில் போனது என்று ஏடுகள் சொல்கின்றன. என் கணக்கு அதற்கு முந்தின நாளே தொடங்கிவிடுகிறது.

காட்டுப்பாதைகளைப் பற்றி அதன் பிறகுதான் அதிகாரிகள் யோசித்தார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்று ரோடுகளையும் அடைப்பது எளிது. ஒரு தடுப்பும் நாலு போலீசும் போதும். நடுவில் இருக்கும் நடைபாதைகளை எண்ணி முடியாது. இடுக்கிப் பக்கம் போலீசும் வனத்துறையும் காவல் போட்டார்கள், டிரோன் பறக்கவிட்டார்கள். மேலே இருந்து பார்க்கிற டிரோனுக்கு ஏலச்செடிகளுக்கு நடுவே குனிந்து போகிற ஆள் தெரிவாரா என்பது வேறு கேள்வி. ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். அதற்கு மேல் மரநிழல்.

ஏப்ரல் முதல் வாரத்தில் டெல்லியில் நடந்த முஸ்லிம் மத மாநாட்டுக்குப் போய்த் திரும்பியவர்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் தேனி மாவட்டத்தில் தொற்று கண்டுபிடிக்கப்பட்டது. போடியில் தெருக்கள் தகரம் அடித்து மூடப்பட்டன. 4-ம் தேதி மாவட்டத்தில் முதல் மரணம். சென்னையில் அன்றாடம் நடந்த செய்தியாளர் சந்திப்பில் சுகாதாரத் துறை முதலில் மாநாட்டின் பெயரைச் சொல்லியே எண்ணிக்கை கொடுத்தது. எதிர்ப்பு வந்த பிறகு "ஒரே இடத்திலிருந்து பரவியது" என்று மாற்றிக்கொண்டது. சொல்லை மாற்றினார்கள், அதற்குள் சொல் ஊருக்குள் இறங்கிவிட்டது. ஏலக்காய் வியாபாரத்தில் எல்லாச் சாதியும் மதமும் ஒரே கல்லாவில் கணக்குப் பார்க்கிற ஊர் போடி. அங்கேயே சில வாரங்களுக்குப் பார்வை மாறியது. நோயைத் தேடுவதற்கு ஒரு அடையாளம் வேண்டும்தான். அந்த அடையாளம் ஆள் மேல் ஒட்டிக்கொண்டால் அடுத்தவன் பரிசோதனைக்கு வரமாட்டான் என்பது எந்தச் சுகாதார ஆய்வாளருக்கும் தெரியும். மேலிடத்துக்கு ஏன் தெரியவில்லை?

சரி, அந்த அன்றாட அறிக்கைக்கு வருவோம். 2020 கோடையில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட கொரோனா அறிக்கை உண்மையில் நல்ல அறிக்கை. மாவட்ட வாரியாக எண்ணிக்கை. உள்ளூர்த் தொற்று தனி, வெளியிலிருந்து வந்தது தனி. அடியில், விமான நிலையக் கண்காணிப்புக்கு ஒரு வரிசை. ரயில்வே கண்காணிப்புக்கு ஒரு வரிசை. போடியில் அப்போது ரயிலே கிடையாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மீட்டர் கேஜ் தண்டவாளத்தை 2010 இறுதியில் பிடுங்கியவர்கள் அகலப் பாதையில் மறுபடி ரயில் விட 2023 ஜூன் ஆகிவிட்டது. விமானத்துக்கு வரிசை இருந்தது, இல்லாத ரயிலுக்கும் வரிசை இருந்தது. தினமும் ஆயிரக்கணக்கானவர்களை ஏற்றி இறக்கிய ஜீப்புக்கு வரிசை இல்லை.

கேரளாவின் அறிக்கை இன்னொரு விதம். அன்று தொற்று உறுதியானவர்களில் வெளிநாட்டிலிருந்து வந்தவர் எத்தனை, பிற மாநிலங்களிலிருந்து வந்தவர் எத்தனை, தொடர்பினால் வந்தவர் எத்தனை என்று பிரித்துக் கொடுத்தார்கள். போடியிலிருந்து காய் எடுக்கப் போன பெண் அங்கே "பிற மாநிலம்". அவரே இறங்கி வந்து இங்கே காய்ச்சலில் படுத்தால் தேனி மாவட்ட எண்ணிக்கை. அவரோடு ஒரே ஜீப்பில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து போனவர்களைத் தேட வேண்டியது எந்த மாநிலம்? தொடர்பைத் துரத்துவதை இரண்டு மாநிலத்தாரும் அவரவர் எல்லைக்குள் நன்றாகத்தான் செய்தார்கள். எல்லைக் கோட்டில் வந்து துரத்தல் நின்றது.

இதெல்லாம் இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிது அல்ல. 1934-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இருவர் ஒரு நீண்ட ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். பொருள், கம்பம் பள்ளத்தாக்கில் பிளேக். மற்ற இடங்களில் வந்துபோகிற நோய் இந்தப் பள்ளத்தாக்கை மட்டும் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது அவர்களுக்கு இருந்த கேள்வி. எலியையும் எலித் தெள்ளுப்பூச்சியையும் ஊர் ஊராகப் பிடித்து எண்ணினார்கள். நோயை ஆளின் முகவரியில் தேடாமல் அது பயணம் செய்கிற வாகனத்தில் தேடினார்கள் என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது. அன்றைய வாகனம் எலி.

பாஸ் முறையும் அப்போதே உண்டு. பம்பாயில் பிளேக் வந்தபோது அவசரமாகக் கொண்டுவந்த 1897-ம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தின் கீழ், சென்னை மாகாணத்தில் பிளேக் பாஸ்போர்ட் என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள். நோய் கண்ட ஊரிலிருந்து வருகிறவர் போய்ச் சேர்ந்த ஊரில் பத்து நாளைக்கு அதிகாரி முன்னால் போய்த் தலையைக் காட்ட வேண்டும். 2020 மார்ச்சில் தமிழ்நாடு அரசு கொரோனா விதிமுறைகளை வெளியிட்டது அதே 1897-ம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டித்தான். பத்து நாள் பதினான்கானது, சீட்டு இ-பாஸ் ஆனது. அன்று கையெழுத்துப் போடத் தெரியாதவர் கைநாட்டு வைத்தார். 2020-ல் ஸ்மார்ட்போன் இல்லாதவர் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து விண்ணப்பித்தார். தமிழ்நாட்டுக்கு ஒரு பாஸ், கேரளாவின் ஜாக்ரதா இணையதளத்தில் இன்னொன்று. காலையில் போய் மாலையில் திரும்புகிற கூலிக்காரருக்கு ஏற்ற கட்டம் இரண்டு விண்ணப்பத்திலும் கிடையாது. கல்யாணம், சாவு, மருத்துவம், சிக்கிக்கொண்டவர் திரும்புதல் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது.

ஏலச்செடி பாஸுக்குக் காத்திருக்காது. ஏப்ரல், மே என்பது செடிக்குக் கவாத்துப் பண்ணி, காய்ந்த தட்டையை அறுத்து, வேருக்கு மண் அணைத்து, மருந்தடிக்கிற மாதம். அப்போது ஆள் ஏறவில்லை. ஜூலை, ஆகஸ்டில் முதல் எடுப்பு. சரத்தில் காய் பழுத்துவிட்டால் வெடித்துவிடும், அல்லது எலியும் அணிலும் பங்கு கேட்கும். நாற்பது, நாற்பத்தைந்து நாளைக்கு ஒருமுறை எல்லாச் செடியையும் சுற்றி வந்தாக வேண்டும். அதே ஜூலை, ஆகஸ்டில்தான் தேனி மாவட்டத்தில் தொற்று ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் ஏறியது. ஜூன் இறுதியில் மதுரையில் முழு ஊரடங்கு போட்டார்கள், தேனியிலும் பிடி இறுகியது. நோய் உச்சத்தில் இருந்தபோதே காயும் உச்சத்தில் இருந்தது. தோட்டத்திலேயே தனிமைப்படுத்தி, தங்கவைத்து வேலை வாங்கிக்கொள்ளலாம் என்ற வகையில் கொஞ்சம் கொஞ்சமாக வழி திறந்தார்கள். அதனால் வீட்டில் பிள்ளையும் மாமியாரும் இருக்கிற பெண்கள் போக முடியவில்லை. லயத்தில் தங்கத் தயாராக இருந்தவர்கள் போனார்கள். கொஞ்ச காலமாகவே மேலே வந்துகொண்டிருந்த வடமாநிலத்து இளைஞர்களுக்கு இன்னும் இடம் கிடைத்தது.

விலை பற்றியும் ஒரு வார்த்தை. 2019 ஆகஸ்டில் மேலே இடுக்கிப் பக்கம் புத்தடியில் நடந்த ஏலத்தில் ஒரு கிலோ காய் ஏழாயிரம் ரூபாய்க்குப் போனது. அதுவரை யாரும் காணாத விலை. 2018 பெருமழையும் அடுத்து வந்த வறட்சியும் செடியை அழித்ததால் வந்த விலை அது. அந்தக் கனவில் கடன் வாங்கித் தோட்டம் திருத்தியவர்கள் பலர். கொரோனா வந்ததும் 2020 மார்ச்சில் ஏலம் நின்றது. மே கடைசியில் புத்தடியில் மறுபடி தொடங்கியபோது, வாங்குகிற வியாபாரிகளில் பெரும்பகுதி எல்லைக்கு இந்தப் பக்கம் போடியில். விலை ஆயிரங்களின் அடித்தட்டுக்கு இறங்கி, அடுத்த வருடம் ஆயிரத்தைச் சுற்றித் தவித்தது.

ஏல ஹாலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது தொற்றுக்காகவே கட்டியது போன்ற இடம். மூடிய அறை. கம்ப்யூட்டர் முன்னால் நெருக்கி உட்கார்ந்த வியாபாரிகள். ஒவ்வொரு லாட்டின் சாம்பிளும் கைக்குக் கை மாறும். ஒருவர் பச்சை நிறத்தைப் பார்ப்பார், ஒருவர் உள்ளங்கையில் உருட்டி எடை பார்ப்பார், ஒருவர் நகத்தால் கீறி உள்ளே அரிசி கறுத்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு மூக்கு. முகக்கவசத்தை இறக்காமல் ஏலக்காயை யாரும் வாங்க முடியாது. வாசம் தெரியாமல் போவதைக் கொரோனாவின் அறிகுறியாக மத்தியச் சுகாதார அமைச்சகம் பட்டியலில் சேர்த்தது 2020 ஜூன் 13-ம் தேதி. காய் பொறுக்குகிற கொட்டகையில் காலை முதல் மாலை வரை சல்லடையோடு உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு அந்த வாசம் முன்பே மரத்துப்போயிருக்கும். வீட்டுக்குப் போனால் சேலையில் வீசுவதைப் பிள்ளைகள்தான் சொல்வார்கள். ஆனால் வியாபாரிக்கு மூக்குதான் முதல். அது போய்விட்டால் எட்டு மில்லிமீட்டர் குண்டுக்காயும் ஒன்றுதான், பொக்கும் ஒன்றுதான்.

முதலாளிகளுக்கு ஒரு தீர்வு கிடைத்தது. புத்தடியில் ஒரு நாள், போடியில் ஒரு நாள் என்று மாறி மாறி நடந்த ஏலத்தை, இரண்டு ஊரிலிருந்தும் ஒரே நேரத்தில் கேட்கும்படி இணைய மேகத்தில் ஏற்றியது ஸ்பைசஸ் போர்டு. 2021 ஜனவரியில் தொடங்கியது. போடியில் உட்கார்ந்தபடியே புத்தடிக் காய்க்கு விலை கேட்கலாம். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லையைக் கடக்காமல் காயை வாங்க வழி செய்தாகிவிட்டது. எல்லையைக் கடக்காமல் காயைப் பறிக்க வழி கிடையாது.

வழிபாட்டிலும் கைவைத்தது இந்த நோய். அம்மை கண்டால் ஆத்தா வந்திருக்கிறாள் என்று சொல்லி வேப்பிலை செருகுகிற வட்டாரம் இது. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்க லட்சம் பேர் கூடுவார்கள். ஒரு கொள்ளைநோய்க்காக அந்த ஆத்தாளின் திருவிழாவையே நிறுத்த வேண்டிவந்தது. மங்கலதேவி மலையில் இரு மாநிலப் போலீசும் காவல் நிற்கச் சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் திறக்கிற கண்ணகி கோயிலும் திறக்கவில்லை.

இரண்டாம் அலையில் வேடிக்கையாக எல்லாம் தலைகீழானது. 2020-ல் பயந்தது கேரளா. கோயம்பேடு சந்தை வழியாக மே மாதம் மாநிலமெங்கும் தொற்று பரவியபோது, கீழே இருந்து ஏறி வருகிற ஒவ்வொரு தமிழ் முகத்தையும் மேலே சந்தேகத்தோடு பார்த்தார்கள். 2021 ஆகஸ்டில் பயந்தது தமிழ்நாடு. ஆகஸ்ட் 25-ம் தேதி கேரளாவில் ஒரே நாளில் 31,445 தொற்று. தமிழ்நாட்டில் அன்று இரண்டாயிரத்துக்குள். ஆகஸ்ட் 5 முதல் கேரளாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஆர்டிபிசிஆர் முடிவோ இரண்டு டோஸ் தடுப்பூசிச் சான்றோ கட்டாயம் என்றது தமிழ்நாடு.

எண்ணிக்கையைப் பார்த்து மலையாளிகளைக் கேலி செய்தவர்கள் இங்கே உண்டு. அது அறியாமை. 2021 ஜூன், ஜூலையில் ஐசிஎம்ஆர் எடுத்த நான்காவது ரத்தப் பரிசோதனை ஆய்வில், நோய் எதிர்ப்பொருள் இருந்தவர்கள் தமிழ்நாட்டில் 69.2 சதவீதம், கேரளாவில் 44.4. கணக்கெடுத்த மாநிலங்களிலேயே கேரளாதான் கடைசி. அதாவது அங்கே நோய் மெதுவாகப் பரவியது. வந்ததைப் பெரும்பாலும் கண்டுபிடித்து எழுதினார்கள். இங்கே பலருக்கு வந்துபோனதே ஏட்டில் ஏறவில்லை. ஏறாதவர்களில் ஜீப்பில் போனவர்கள் எத்தனை பேர் என்பதை இனி எந்த ஏடும் சொல்லாது. காய்ச்சல் என்று சொன்னால் மறுநாள் வண்டியில் ஏற்றமாட்டார்கள், அன்றைய கூலி போய்விடும். ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு ஏறிவிடுவதுதான் கூலிக்காரர்களுக்குத் தெரிந்த வைத்தியம்.

ஜீப்பில் போகிற பெண்களுக்குத் தடுப்பூசியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது அரசின் பயமா, வேலையின் அவசரமா என்று பிரிப்பது கடினம். 2021 செப்டம்பர் 12-ம் தேதி தமிழ்நாடு நடத்திய முதல் மெகா முகாமில் ஒரே நாளில் இருபத்தெட்டு லட்சத்துக்கு மேல் ஊசி போட்டார்கள். மலையடிவார ஊர்களில் அதற்கு ஆள் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. ஊசி போட்டால் சான்று. சான்று இருந்தால் மலை. ஊசியைப் பற்றி வாட்ஸ்அப்பில் வந்த வதந்தி எல்லாம் போடிமெட்டு செக்போஸ்ட் கேட்ட அந்தச் சான்றுக்கு முன்னால் நிற்கவில்லை.

செல்போன் இல்லாதவர்கள் சான்றைப் பிரிண்ட் எடுத்து, மழையில் நனையாமல் இருக்க லேமினேட் செய்துகொண்டார்கள். ஆதார் அட்டை அளவுக்கு வெட்டி, சுருக்குப்பைக்குள் வெற்றிலைக்கும் சில்லறைக்கும் நடுவே. செக்போஸ்டில் கேட்பதை நிறுத்திய பிறகும் பலர் அதை எடுத்து வெளியே வைக்கவில்லை. விடிகாலை நாலே முக்காலுக்கு வண்டி வந்துவிடும். பின்பக்கம் எதிரெதிரே இரண்டு பெஞ்சு, முழங்காலோடு முழங்கால் இடிக்கிற இடைவெளி, வாசலில் தொங்க இரண்டு பேர். "இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கக்கா" என்கிறார் டிரைவர். நெருங்கி உட்காருகிறார்கள்.